பட்டா நிலத்தில் நிற்கும் தண்ணீர்



வெள்ளம் வடிந்த மறுநாள் நாம் எல்லோரும் ஆக்கிரமிப்பாளரைத் தேடுகிறோம். ஏரியை வளைத்தவன் யார், ஓடையை மூடியவன் யார் என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் படகுக்குக் காத்திருந்தவர்களில் பலர் எதையும் வளைத்தவர்கள் அல்லர். பத்திரம் பதிந்து, பட்டா மாற்றி, வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்த நிலத்தில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் எப்படி வந்தது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்ததற்குப் போகும். அடையாற்றின் தலைமாட்டில் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் பாயும்போது தண்ணீர் வாய்க்காலுக்குள் மட்டும் அடங்காது, கீழே உள்ள நஞ்சை வயல்களிலும் பரவி நின்று மெதுவாக வடியும். நெல் வயலுக்கு நாலு நாள் தண்ணீர் நிற்பது பெரிய சேதமல்ல. நம் வருவாய்ப் பதிவேட்டில் ஏரி புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு எல்லாம் துல்லியமாக இருக்கும். வெள்ளம் பரவும் வயலோ வெறும் பட்டா நஞ்சை. அங்கே தண்ணீர் நிற்கும் என்பது ஊருக்குத் தெரியும், மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டிக்குத் தெரியும். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டுக்குத் தெரியாது.

விவசாயம் நின்றது, வயல் மனையானது. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளின் எல்லைக்குள் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ள சிற்றேரிகள் அதில் வரவில்லை. ஏரிக்குக் கீழே இருக்கும் பட்டா வயலைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சரி, உள்ளாட்சி தடுத்திருக்கலாமே? 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரவேண்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், வெளியூர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம். ஆனால் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று விளம்பரம் போட்டு விற்ற மனைகளைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க முடியாது. அதிகாரம் இல்லாத ஊராட்சித் தலைவர் முத்திரை குத்தினார், பதிவுத் துறை பதிந்தது, மின் இணைப்பு வந்தது. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. நீர்நிலையின் மேலேயே விழும் மனைகளுக்கு அதில் இடமில்லை. வெள்ளம் நிற்கும் பட்டா வயலில் பிரித்த மனைக்கு அந்தத் தடையில்லை.

வரன்முறை என்பது நமக்குப் பழகிப்போன மருந்து. விதிமீறிய கட்டடங்களுக்காக 1998-ல் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தபோது ஒரே ஒருமுறைதான் என்றார்கள். 2000-ல் உச்சநீதிமன்றமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிறகு கெடு 2002 வரை நீண்டது. அந்த நீட்டிப்புகளை உயர்நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்ய, 2012-ல் 113-சி வந்தது. பொறுத்திருந்தால் அபராதம் கட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்பதைக் கட்டுநர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

முறையாக அனுமதி கேட்பவர் கதை இன்னும் வேடிக்கையானது. தாழ்வான இடமென்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சொல்வது, மண் நிரப்பி மனையை இத்தனை அடி உயர்த்து என்பதுதான். அந்த மனை தப்பிக்கும். அது தள்ளிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் கூடத்துக்குள் போகும். அவரும் இடித்துக் கட்டும்போது உயர்த்துவார், பிறகு சாலையை உயர்த்துவார்கள், பழைய வீடுகள் பள்ளமாகும். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்தால் விதி மீறப்படவில்லை.

அரசும் இதற்கு விலக்கல்ல. ஆற்றங்கரையில் இருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்தைக் காட்டிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம்; மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது.

மத்திய அரசு 1975-லேயே வெள்ளச் சமவெளி மண்டலப்படுத்தலுக்கு மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் சட்டம் இயற்றின. தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லை. அமெரிக்காவில் 1968-ல் வேறு வழி பிடித்தார்கள். வெள்ளப் பகுதியில் கட்டடங்களை நெறிப்படுத்தும் விதிகளை உள்ளூர் மன்றம் நிறைவேற்றினால்தான் அவ்வூர் மக்களுக்குக் கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீடு கிடைக்கும். அந்தத் திட்டம் கடனில் மூழ்கியது வேறு கதை. ஆனால் முடியாது என்று சொல்லும் உள்ளாட்சிக்கு அங்கே ஒரு பிடிமானம் இருக்கிறது. இங்கே முடியாது என்று சொன்னால் வீட்டு வரியும் போகும், வாக்கும் போகும்.

74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நிலப் பயன்பாட்டை நெறிப்படுத்துவது நகராட்சிப் பொறுப்பாக எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில்தான். அந்த அதிகாரம் முழுதும் கைக்கு வரும்வரை உள்ளாட்சி காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கட்டட அனுமதி கேட்டு வருபவரைத் தடுப்பது காலம் கடந்த வேலை. அவர் சேமிப்பையெல்லாம் ஏற்கெனவே நிலத்தில் போட்டுவிட்டார். தடுக்க வேண்டியது மனை பிரிக்கும் நாளில். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எந்தெந்தப் புல எண்களில் தண்ணீர் நின்றது என்று ஊராட்சியே பட்டியல் எடுக்கலாம். அரசு மனம் வைத்தால் அதை 'அ' பதிவேட்டில் ஏற்றலாம், வில்லங்கச் சான்றில் காட்டலாம். அடமானத்தைக் காட்டும் சான்று வெள்ளத்தையும் காட்டினால் என்ன?

நில விலை விழும், சிறு விவசாயி என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கு 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கலங்கல் தண்ணீர் போகும் பாதையில் விடச் சொன்னால் மீதி நிலம் விற்கும். அப்படியும் முழுதாக மூழ்கும் வயலுக்கு இழப்பீடு தருவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நாம் தரும் நிவாரணத்தோடு ஒப்பிட்டுத்தான் அந்தத் தொகை கட்டுமா, கட்டாதா என்று முடிவு செய்ய வேண்டும்.

அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அந்த மாதத்தின் பிற்பகுதியில்தான் தொடங்கும். அந்தக் கூட்டத்தில் புல எண் பட்டியலை உரக்கப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்ய யாருடைய தடையின்மைச் சான்றும் தேவையில்லை.