படுக்கையா, நடையா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அதற்குரிய புலமை நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் நாற்காலி தேய்த்து வரும் குமாஸ்தா நாம். அந்த நாற்காலி நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதுவே இடுப்பு வலி. இக்காலனியில் அவ்வலி எட்டிப் பாராத வீடு அரிது. ஆதலின் அதனையே இன்று பேசத் துணிந்தோம். நாம் மருத்துவர் அல்லோம். பட்டறிந்ததையும், அறிந்தோரிடம் கேட்டதையும், படித்ததையுமே சொல்லுவோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் காலையில் தண்ணீர் வாளியைத் தூக்குகையில் இடுப்பில் சுரீர் என்றது. நிமிர இயலவில்லை. அண்டை அயலார் அன்போடு ஓடி வந்தனர். வாயு என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் மற்றொருவர். கால் முன்னாகப் பிறந்தவரைத் தேடிப் பிடித்து மிதிக்கச் செய்யலாம் என்றவரும் உண்டு. அனைவரும் ஒருமுகமாய் உரைத்தது ஒன்றே: "அசையாமல் பலகையில் படுத்திருங்கள்!" அவ்வண்ணமே மூன்று வாரம் படுத்தோம். தண்ணீரும் சமையலும் பிள்ளைகளின் பள்ளியும் இல்லத்தரசியின் தலையில் விழுந்தன. விடுப்புத் தீர்ந்தது, வலி தீரவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில், முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கியுள்ளது என்று அறிக்கை வந்தது. அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் நான்கு வயது மகள் "தூக்குப்பா" என்று கை நீட்டி வந்தாள். முதுகு முறிந்துவிடும் என்று அஞ்சி விலகினோம். அக்குழந்தையின் முகம் வாடியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பின்னர், வயது முதிர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் நம்மைச் சோதித்துப் பார்த்துச் சிரித்தார். முதுகு கண்ணாடிப் பாத்திரம் அன்று என்றும், அன்றே எழுந்து நடக்க வேண்டும் என்றும் கூறினார். அவர் விளக்கியதைக் கேட்ட பிறகே நமக்கு உயிர் வந்தது.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. சுற்றிலும் தசையும் தசைநாரும் வலிமையாகக் கட்டி நிற்கின்றன. இடுப்பு வலியுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, இன்ன உறுப்பில் இன்ன கேடு என்று சுட்டிக் காட்ட இயலாது. புதிதாய் வந்த வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும்.

படத்தில் கண்ட பிதுக்கம் என்னாவது என்று கேட்கலாம். வலியே அறியாதவர்களைப் படம் எடுத்த ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து 2015இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்வு இருந்ததாம்! தலை நரைப்பது போல் அதுவும் வயதின் கோலமே. ஆகவே படத்தைக் கண்டு மனம் உடைதல் வேண்டா.

படுக்கையின் கதையும் அதுவே. 1995இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. திடீர் இடுப்பு வலி கண்ட அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தனர். ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மற்றவர் வலி பொறுக்குமளவு வழக்கமான வேலைகளைச் செய்தனர். வேலைகளைச் செய்தவரே விரைவில் தேறினர். அசையாத தசை வலுவிழக்கும். வலுவிழந்த தசை மேலும் நோகும். நோவு அச்சத்தை வளர்க்கும். அச்சம் மீண்டும் படுக்கையில் தள்ளும். நாம் மூன்று வாரம் சிக்கியிருந்த சுழல் இதுதான்.

இனிச் செய்யத்தக்கவை. வலி கடுமையாயின் ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டா. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். நாள்தோறும் நடத்தல் நன்று. நம் கரக்பூர் நிலையத்தின் நீண்ட நடைமேடை 1,072 மீட்டர்; ஒருமுறை சென்று திரும்பினாலே இரண்டு கிலோமீட்டருக்கு மேலாகும். கணிப்பொறி முன் அமர்ந்திருப்போர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். பளுவைத் தூக்குகையில் அதனை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்குக. தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர். நிறைந்த எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. அதனைத் தனியொருவராய் ஏன் தூக்க வேண்டும்? பக்கத்து வீட்டு இளைஞரை அழைப்பது இழுக்கன்று. இடுப்புப் பட்டையை நம்பியிருப்போர்க்கு ஒரு சொல்: நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பட்டையையும் முதுகை இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய அறிவையும் அது முன் வைக்கிறது. வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி நாட்கணக்கில் விழுங்குதல் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

இவ்வளவும் கேட்டு, எல்லா வலியும் தானே போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். நம் காலனித் தாயார் ஒருவர் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்தினார். மாலைதோறும் காய்ச்சல் வந்ததையும் உடல் மெலிந்ததையும் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டு வேலை நின்றுவிடுமே என்ற எண்ணம்! முடிவில் அது முதுகெலும்பைப் பற்றிய காசநோய் என்று தெரிந்தது. அதற்கு மருந்துண்டு; அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. பல மாதம் மருந்துண்டு அவர் தேறினார். இன்னும் சில வாரம் கடந்திருப்பின் கால்கள் செயலிழந்திருக்கக் கூடும் என்றனர் மருத்துவர்.

ஆதலின் இவற்றை நினைவிற் கொள்க: காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், கீழே விழுந்தபின் வலி, படுத்தாலும் விடாத இரவு வலி, கால் வலுவிழத்தல். இவற்றுள் எது காணினும் மருத்துவரை நாடத் தயங்கற்க. சிறுநீர் அல்லது மலம் தம் வசமின்றிப் போதல், சிறுநீர் அடைபடுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்க.

தாய்மார்களே! குழாயடியும் அடுப்படியும் உங்கள் முதுகின் மேல் நிற்கின்றன. வலியை மறைப்பது பெருமையன்று. ஆடவரே! அவர்கள் சொல்லும் முன்னரே நீங்கள் வாளியைக் கையில் எடுங்கள்.

நம் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் வீட்டு வாசல்வரை நடந்தோம்; மறுநாள் தெருக்கோடி; மாதம் முடிவதற்குள் நடைமேடை முழுவதும். வலி இன்றும் எப்போதாவது வந்து போகிறது. ஆனால் நம்மை ஆள்வதில்லை. சென்ற பொங்கலன்று, அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மகளைத் தோளில் சுமந்தே இப்பந்தலுக்கு வந்தோம். அவளுக்கு இப்போது ஏழு வயது, எடையும் கூடியிருக்கிறது!

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!