தானே மாறும் கியர்



மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு முதல் எதிரி கிளட்ச். அதனை மிதித்துக் கியரை மாற்றிக் காலை மெல்ல எடுக்கும்போது, வண்டி ஒரு குலுக்கலுடன் நின்றுவிடும் அனுபவம் பலருக்கு உண்டு. இத்தொல்லையைப் போக்க எண்ணிய அமெரிக்கப் பொறியியலாளர்கள், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் ஹைட்ரமாட்டிக் என்னும் பெட்டியை வெளியிட்டது. கிறைஸ்லர் நிறுவனத்தின் டார்க்ஃபிளைட் 1956-இலும், ஃபோர்டு நிறுவனத்தின் சி-6 1966-இலும் தோன்றின. உழவரும் தச்சரும் பாரம் ஏற்றிச் செல்லும் ‘பிக்கப்’ எனப்படும் சிறு லாரிகளிலும் இத்தகைய பெட்டிகள் இடம்பெற்றன. அவற்றைப் பேணும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால், அதுவே கிளட்சின் இடத்தில் நிற்கும் கருவியின் அடிப்படையாகும். ஜெர்மானியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். அவர் கருதியது கப்பலுக்கு. பயன்பட்டதோ காருக்கும் லாரிக்கும்.

இதன் பின்னால் இருப்பவை கிரகப் பற்சக்கரங்கள். நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள், இவற்றை வளைத்து நிற்கும் உட்பல் வளையம். இவற்றுள் எதனைச் சுழலாமல் நிறுத்துகிறோமோ, அதற்கேற்ப வேகமும் விசையும் மாறும். அவ்வாறு நிறுத்தும் வேலையைச் செய்யும் உறுப்புகளுள் ஒன்று பட்டை. பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை இருப்பதுபோல, இதுவும் ஓர் உருளையைச் சுற்றி இருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பட்டை இறுகி உருளையைப் பிடிக்கும். அழுத்தம் நீங்கினால் விட்டுவிடும்.

பட்டையின் உட்புறத்து உறை நாளடைவில் தேயும். தேயத் தேய இடைவெளி பெருகும். பிஸ்டன் முழுதும் நகர்ந்தும் பட்டை இறுகப் பிடிக்காது வழுக்கும். முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது இன்ஜின் வீணாக இரைவது இதற்கு ஓர் அறிகுறி. இதனைச் சரிசெய்யப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு திருகு உண்டு. அதன் பூட்டு நட்டைத் தளர்த்தி, விசையளவு காட்டும் ஸ்பானரால் குறித்த அளவுக்குத் திருகை இறுக்க வேண்டும். டார்க்ஃபிளைட் 727-க்கு அவ்வளவு 72 அங்குலப் பவுண்டு. பின்னர், கையேடு கூறும் சுற்றுகள் அளவுக்கு அதனைத் தளர்த்தி, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்ட வேண்டும். இறுக்குவதால் நமக்குக் கிடைப்பது அளவின் தொடக்கப் புள்ளி மட்டுமே. உரிய இடைவெளியைத் தருவது தளர்த்தும் சுற்றுகள்தாம். அவ்வெண்ணிக்கை பெட்டிக்குப் பெட்டி, ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். ஆகையால் நினைவை நம்பாமல் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இதனை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பட்டறையில் தொழில் பழகிய காலம். சோள அறுவடையின்போது ஓர் உழவர் தமது பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். மேற்கூறிய அறிகுறியே அதற்கும். மேஸ்திரி அவ்வேலையை என்னிடம் விட்டார். திருகை இறுக்கினேன், தளர்த்தத் தொடங்கினேன். அந்நேரம் யாரோ அழைக்க, எழுந்து போய்த் திரும்பினேன். தளர்த்தியது ஒரு சுற்றா, இரண்டா? இரண்டாகத்தான் இருக்கும் என்று எண்ணி நட்டைப் பூட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தபோது கியர் முன்னைக் காட்டிலும் சுறுசுறுப்பாக மாறிற்று. உழவர் மகிழ்ந்து போனார்.

இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சுறுசுறுப்பே என்னை அச்சுறுத்தியது. இரண்டாம் கியரில் உருளையைப் பிடிக்கும் பட்டை, மூன்றாம் கியரில் அதனை முற்றிலும் விட்டுவிட வேண்டும். இடைவெளி போதாவிடில், சுழலும் உருளையை அது ஓயாமல் உரசும், சூடேறிக் கருகும். அப்பழுது அன்றே தெரியாது. பாரத்துடன் நெடுஞ்சாலையில் ஓடும்போது தெரியவரும்.

காலையில் மேஸ்திரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. “வண்டியை வரவழை” என்றார். அறுவடைக் காலத்தில் அரை நாள் இழப்பு என்பது உழவருக்குச் சிறிதன்று. அவர் முகம் அதனைக் காட்டியது. காரணத்தைக் கேட்டார், நான் எண்ணத் தவறியதைச் சொன்னேன். நட்டைத் தளர்த்தி, பழைய நிலையிலிருந்து திருகை இறுக்கிப் பார்த்தபோது, ஒரே சுற்றில் குறித்த விசை வந்துவிட்டது. ஒரு சுற்றுத்தான் தளர்த்தியிருக்கிறேன்! எண்ணெயைச் சோதித்தோம், நல்ல வேளையாகக் கருகவில்லை. மீண்டும் தளர்த்தும்போது அவ்வுழவர் என்னருகே குனிந்து நின்று, ஒவ்வொரு சுற்றையும் தாமும் வாய்விட்டு எண்ணினார். அன்று முதல் திருகின் தலையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்ட பின்னரே தளர்த்துவது என் வழக்கமாயிற்று.

எண்ணெயைப் பற்றியும் சில சொற்கள். இப்பெட்டியின் நோயை முதலில் அறிவிப்பது அதுவே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சூடான நிலையில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதன் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்குமுன் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர்க்கோலை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்த வேண்டும். டார்க்ஃபிளைட்டில் ‘நியூட்ரல்’ நிலையிலும், சி-6இல் ‘பார்க்’ நிலையிலும் பார்ப்பது முறை. மட்டம் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தாலோ சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டினாலும் அழுத்தம் கெடும். செந்நிற எண்ணெய் பழுப்பாகிக் கருகல் நாற்றம் வீசினால், உராய்வுத் தகடுகளோ பட்டையோ எரிந்திருக்கின்றன என்று கொள்ளலாம். பால் கலந்தாற்போல் வெளுத்தால், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் கசிந்திருக்கலாம். வண்டியின் அடியில் புகுமுன், அதனை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திச் சக்கரங்களுக்கு அணை கொடுப்பதை மறவாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்புவது உயிருக்கு ஆபத்து.

இன்று வரும் பெட்டிகள் பலவற்றில் கியர் மாறும் தருணத்தைக் கணினி முடிவு செய்கிறது. வெளியிலிருந்து திருப்பும் திருகு அவற்றில் இல்லை. ஆயினும் அவற்றைப் பிரித்துச் சேர்ப்பவரும் இடைவெளிகளை அளந்தே ஆகவேண்டும். உங்களுள் சிலர் நாளை பட்டறைகளிலும், சிலர் ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றுவீர்கள். எண்ணிக்கை தவறியதாக ஐயம் தோன்றினால், மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். வேலை கைவிட்டுப் போன பின் ஐயம் வந்தால், அதனை உரியவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். எனக்கு அதனால் நேர்ந்தது ஒரு காலைப் பொழுதின் வெட்கம். சொல்லாதிருந்தால், அந்த உழவர் பாரத்துடன் நடுவழியில் நின்றிருப்பார்.