தோப்பில் எழும் கேள்வி

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குத் தென்னந்தோப்பு என்பது, விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் இரயில் சன்னல் வழியே காணும் காட்சியாகிவிட்டது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் கோபாலபுரம் வட்டாரத்திலோ, குடும்பத்தின் சோறும் பிள்ளைகளின் படிப்பும் அத்தோப்பிலிருந்தே வருகின்றன.

2016-ஆம் ஆண்டில், இந்தப் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பகுதிகளில்தான் சுருள் வெள்ளை ஈ என்னும் அந்நியப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நடு அமெரிக்காவைச் சேர்ந்த அது, ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு வெண்மெழுகால் மூடுகிறது. சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. பச்சைத் தோப்பு புகை பிடித்த அடுக்களை போலாகிவிடுகிறது.

அத்தோப்பில் வேளாண்மைப் பட்டப்படிப்பு மாணாக்கர் ஒருவரை நிறுத்தி, "தம்பி, இதற்கு என்ன செய்யலாம்?" என்று தோப்புக்காரர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? பூச்சியை ஓர் ஆசிரியரிடமும், பூசணத்தை மற்றோர் ஆசிரியரிடமும், செலவுக் கணக்கை வேறொருவரிடமும் அவர் படித்திருப்பார். தோப்புக்காரரின் கேள்வியோ ஒன்றாகத் திரண்டு வருகிறது.

சிக்கலை முதலில் வைத்து, அதற்கு வேண்டிய பாடத்தைப் பின்னர் தேடச் செய்யும் கல்விமுறை இதற்காகவே பேசப்படுகிறது. 1969-இல் கனடாவின் மாக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணாக்கருக்கு இதனைத் தொடங்கியது. சிறு குழுவினர் நோயாளியின் நிலையை ஆராய்வர். ஆசிரியர் விடையை எடுத்துக் கொடாமல் கேள்வியை நெறிப்படுத்துவார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சிறு சங்கடம். 'பிராப்ளம்' என்னும் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் 'கணக்கு' என்போம். கணக்குக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை உண்டு. உழவர் சொல்லும் 'சிக்கல்' என்பதற்கு அது கிடையாது. நூலின் முனையைத் தேடித்தான் பிரிக்க வேண்டும்.

தோப்புக்கே திரும்புவோம். மருந்தடிக்கலாம் என்பதே முதலில் தோன்றும் விடை. ஆனால், 'என்கார்சியா' என்னும் மிகச் சிறிய குளவி வெள்ளை ஈயின் இளம் பருவத்தினுள் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. மருந்து அக்குளவியையும் கொன்றுவிடும். எனவே மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓலையின் அடியில் படுமாறு விசையாக நீர் பீய்ச்சுதல், கரும்பூசணம் உரிந்து விழ மாவுக் கஞ்சி தெளித்தல் ஆகியவற்றையே வல்லுநர் கூறுகின்றனர். "குளவி வேலை செய்யும்வரை நான் காத்திருப்பதா?" என்பார் தோப்புக்காரர். நியாயமான கேள்விதான். அவர் காத்திருந்தாலும், அடுத்த தோப்பில் மருந்தடித்தால் குளவிக்குக் கேடு. அந்த அடுத்த தோப்பு வேறு மாநிலத்திலும் இருக்கலாம். பூச்சிக்குச் சோதனைச் சாவடி இல்லை அல்லவா! இதையெல்லாம் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போதே மாணாக்கர் வேளாண்மை கற்கிறார் எனலாம்.

இதற்கு இடமே இல்லை என்பதில்லை. 1992-இல் ரந்தாவா குழு பரிந்துரைத்த ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் மாணாக்கர் கிராமங்களில் தங்குகின்றனர். 2015-இல் தொடங்கப்பெற்ற 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்திலும் அது சேர்ந்துள்ளது. ஆனால், குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்காக மட்டும் ஊரில் தங்குவது போதாது. விரிவுரை வேண்டாம் என்பதும் நம் கருத்தன்று. பூச்சியின் உடலமைப்பே அறியாதவர் எந்தச் சிக்கலைப் பிரிப்பார்? இம்முறைக்குக் காலம் மிகுதியாக வேண்டும், ஆசிரியரும் மிகுதியாக வேண்டும். அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

பரீட்சையும் மாறியாக வேண்டும். 'வெள்ளை ஈயின் வாழ்க்கைப் பருவங்களை விவரி' என்பதோடு நில்லாமல், இப்படியும் ஒரு வினா கேட்கலாம்: 'பத்து ஏக்கர் தோப்பில் பாதி கறுத்திருக்கிறது. பக்கத்துத் தோப்பில் நேற்று மருந்தடித்தார்கள். இவ்வாரம் செய்ய வேண்டியவற்றைத் தோப்புக்காரருக்கு ஒரு கடிதமாக எழுதுக.' கோபாலபுரத்துப் பக்கமாயின், அக்கடிதத்தைத் தமிழில் எழுதுவதா மலையாளத்தில் எழுதுவதா என்பதையும் அவரிடமே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.