ஆய்வுலகில் ஆங்கிலத்தின் தனியாட்சி

(பல்கலைக்கழக மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே ஒருவன் சாட்சி சொல்ல வருகின்றான். அவன் மொழி நீதிபதிக்குத் தெரியாது. அதற்காக அவனைத் திருப்பி அனுப்புவதில்லை. மொழிபெயர்ப்பாளரை அழைத்து அவன் கூற்றைப் பதிவு செய்கின்றார்கள். இந்த எளிய நியாயம் இன்றைய ஆய்வுலகில் இல்லை.

2004ஆம் ஆண்டு ஜனவரியிலே, பறவைக் காய்ச்சற் கிருமி பன்றிகளையும் தொற்றிவிட்டதெனச் சீன விஞ்ஞானிகள் சீனமொழிச் சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். பறவையின் கிருமியும் மனிதனின் கிருமியும் பன்றியின் உடலிலே கலந்து புதுக் கிருமி பிறக்கக்கூடும். ஆகவே அது உலகம் முழுவதற்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கவனத்துக்கு அது எட்டியதோ ஆகஸ்டு மாதத்திலேதான். ஏழு மாதங்கள்! சாட்சி சொன்னான், கேட்பாரில்லை.

ஆங்கிலமே என்றும் அறிவின் மொழியாயிருந்ததென எண்ணுவோர் உளர். நியூற்றன் 1687இல் தமது பெருநூலை இலத்தீனிலே வெளியிட்டார். ஐன்ஸ்டீன் 1905இல் சார்புக் கொள்கையை ஜெர்மன் மொழியிலே எழுதினார். முதல் உலகப் போரின்பின், வென்ற நாடுகள் ஜெர்மானிய அறிஞரைச் சர்வதேச விஞ்ஞான சபைகளிலிருந்து விலக்கின. 1933இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லரோ தன் நாட்டு அறிஞரையே துரத்தினான். இரண்டாம் போரின்பின் பணமும் ஆய்வுகூடங்களும் அமெரிக்காவிலே குவிந்தன. ஆங்கிலம் பெற்ற இடம் அரசியல் தந்த இடமேயன்றி, அதன் இலக்கணம் தந்த இடமன்று.

பொதுமொழியொன்று வேண்டாமா எனக் கேட்பீர்கள். வேண்டும். ஆங்கிலச் சட்டநூல்களைப் படித்துப் பிழைப்பவன் நான். எனக்கு அம்மொழியிடம் பகையில்லை. ஆனால் மொழிபெயர்ப்பின் சுமை முழுவதையும் சாட்சியின் தலையிலே கட்டுவது எந்த நீதி? எட்டு நாடுகளின் சூழலியல் விஞ்ஞானிகள் 908 பேரிடம் விசாரித்து, 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆங்கில நடையின் காரணமாகக் கட்டுரை நிராகரிக்கப்படுவது, அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கு ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகமாம்!

தமிழிலே விஞ்ஞானம் இயலுமோ என இங்கேயே சிலர் ஐயுறுகின்றனர். மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். நூல்களையும் தமிழாக்கி அச்சிட்டார். அவர் அமெரிக்கர்!

2019இல் ஹெல்சிங்கியிலிருந்து வெளியான பிரகடனம், ஆய்வை மதிப்பிடும்போது பன்மொழிகளுக்கும் இடமளிக்குமாறு கோரியது. நம் பல்கலைக்கழகங்கள் இதனை ஏற்கவேண்டும். பதவி உயர்வுக்கு வரும் கட்டுரையில் உள்ளதென்ன என்றே கேட்கவேண்டும்; எம்மொழியில் உள்ளது என்றல்ல. தமிழிலோ சிங்களத்திலோ எழுதுபவனின் ஆய்வை ஆங்கிலமாக்கும் செலவையும் பல்கலைக்கழகமே ஏற்கட்டும்.