அடிக்கயிற்றின் பாரம்



பெசன்ட் நகர்க் கடற்கரையில் வடக்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம் வரும். கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளுக்கு அருகில், நிழல் கிடைத்த இடத்தில் யாராவது ஒருவர் வலையோடு உட்கார்ந்திருப்பார். கிழிந்த கண்ணியைத் தைப்பார், அறுந்த முடிச்சை மாற்றிப் போடுவார். அவர் மடியில் கிடக்கும் வலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேல்கயிற்றில் வரிசையாக மிதவைகள். அடிக்கயிற்றில் வரிசையாகச் சிறு சிறு ஈயக்குண்டுகள். இன்றைய பேச்சு அந்த ஈயக்குண்டைப் பற்றியது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, வார்ப்பதானால் என்னென்ன சாமான் வேண்டும், எந்த இடத்தில் வார்க்கலாம், எந்த இடத்தில் வார்க்கவே கூடாது என்பதைச் சொல்லப் போகிறேன்.

வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். மிதவை மேலே இழுக்கிறது, குண்டு கீழே இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்பும் சரியாக அமைந்தால்தான் கண்ணி விரியும். கண்ணி விரிந்தால்தான் மீன் மாட்டும். எல்லா வலைக்கும் ஒரே கணக்கு கிடையாது. கவலை மீன் மேல்தண்ணீரில் கூட்டமாக வரும். அதற்கான வலை மிதந்தபடி நிற்க வேண்டும், ஆகவே மிதவையின் கை ஓங்கியிருக்கும். நண்டு வலை தரையைத் தொட்டு நிற்க வேண்டியது, அங்கே குண்டின் கை ஓங்கியிருக்கும். பாரம் குறைந்தால் நீரோட்டம் வலையைப் படுக்க வைத்துவிடும், கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாரம் கூடினால் மிதவைகள் அமுங்கிப்போகும், வலை சேற்றிலும் பாறையிலும் உராய்ந்து கிழியும், இழுக்கிறவர் தோளும் இடுப்பும் விட்டுப்போகும்.

மொத்தப் பாரத்தைப் போலவே முக்கியமானது, ஒவ்வொரு குண்டும் ஒரே எடையில் இருப்பது. ஓரிடத்தில் கனத்த குண்டும் அடுத்த இடத்தில் லேசான குண்டும் கோர்த்தால் அடிக்கயிறு நேராக நிற்காது. லேசான இடத்தில் வலை தூக்கிக்கொள்ளும். நண்டு அந்த இடைவெளியில் நுழைந்து போய்விடும்.

இதற்கு ஈயம் எதற்கு, கல்லோ இரும்போ போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல் கனமானது. ஒரு கிலோ ஈயத்தைக் கடலில் இறக்கினால், அது விலக்கும் தண்ணீரைக் கழித்த பிறகும், சுமார் 910 கிராம் பாரமாக நின்று வேலை செய்யும். ஒரு கிலோ இரும்பு சுமார் 870 கிராம் பாரம் தரும். ஒரு கிலோ சிமென்ட் கான்கிரீட் தருவது 570 கிராம் அளவில்தான். ஆக, ஒரு கிலோ ஈயம் செய்யும் வேலைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சிமென்ட் கட்டியைச் சுமக்க வேண்டும். இரும்பு எடையில் கிட்டத்தட்ட ஈடு கொடுக்கிறது, ஆனால் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துச் சொரசொரத்து நைலானை அறுக்கிறது. ஈயம் துருப்பிடிக்காது, மிருதுவானது, 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சாதாரண விறகு அடுப்பே போதும். இந்த வசதிதான் ஆபத்தின் வாசலும்கூட. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் முடிவு, வாங்குவதா வார்ப்பதா என்பது. என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். வாங்க முடிந்தால் வாங்குங்கள். அச்சில் வார்த்த குண்டு கடையில் கிடைக்கிறது. பின்னல் கயிற்றுக்குள்ளேயே ஈயத்தை வைத்துத் தயாரித்த கயிறும் உண்டு. அந்தக் கயிற்றில் பாரம் நீளம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும், கை ஈயத்தைத் தொடும் நேரமும் குறையும். விலை கூடுதல் என்பது உண்மை. நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினாலோ, மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாக வாங்கினாலோ அந்தச் சுமை குறையும்.

வார்த்தே ஆக வேண்டும் என்றால் சாமான்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உருக்குவதற்குக் கனமான இரும்புச் சட்டி வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சூட்டில் அது வலுவிழந்து அடி விட்டுவிட்டால், உருகிய ஈயம் காலில் கொட்டும். சட்டி அசையாமல் உட்காரும் அடுப்பு வேண்டும். நீண்ட கைப்பிடியும் மூக்கும் உள்ள இரும்புக் கரண்டி வேண்டும். அந்தச் சட்டியும் கரண்டியும் அதற்குப்பின் சமையல் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது அச்சு. இரண்டு பாதியாகத் திறக்கும் இரும்பு அல்லது அலுமினிய அச்சு நல்லது. கயிறு நுழையும் ஓட்டைக்காக நடுவில் ஒரு இரும்புக் கம்பி நிற்கும். கம்பியின் ஒரு முனை துளி மெலிந்திருந்தால் குண்டிலிருந்து சுலபமாக உருவ முடியும். கம்பியின் கனம்தான் ஓட்டையின் அளவு. ஆகவே கம்பியை வாங்குவதற்கு முன் உங்கள் அடிக்கயிற்றை அளந்துகொள்ளுங்கள். நனைந்தால் சில கயிறுகள் பருக்கும், அதனால் நனைத்து அளப்பது உத்தமம். ஓட்டை இறுக்கமானால் கோர்க்கும்போது கயிற்றின் இழை பிய்யும். தளர்வானால் குண்டு ஓடி ஓடிக் கயிற்றைத் தேய்க்கும்.

ஊற்றுவதற்கு முன் அச்சின் உட்புறத்திலும் கம்பியிலும் மண்ணெண்ணெய் விளக்கின் கரியை மெல்லப் படிய விடுவது ஒரு நல்ல முறை. ஈயம் தடையில்லாமல் ஓடி மூலைவரை நிரம்பும், ஆறியதும் ஒட்டாமல் கழன்று விழும். பிறகு அச்சைச் சூடாக்குங்கள். சூடாக்குவது நல்ல குண்டுக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான். அச்சிலோ கரண்டியிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும், உருகிய ஈயம் பட்டதும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். கடற்கரையில் கைபடும் இடமெல்லாம் ஈரம். பழைய வலையிலிருந்து கழற்றிய குண்டின் ஓட்டைக்குள்ளும் ஈரம் இருக்கும். அவற்றை நன்றாக வெயிலில் காயவைத்து, சட்டி சூடாவதற்கு முன்பே உள்ளே போட்டுவிட வேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஈரக் குண்டைப் போடவே கூடாது. கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, இவை எல்லாம் வேண்டும்.

சூடு சரியா என்பதை ஈயமே காட்டிவிடும். உருகிய ஈயத்தின் மேல் நீலமும் ஊதாவும் ஓடத் தொடங்கினால் தீ அதிகம், உடனே குறைக்க வேண்டும். வார்த்த குண்டின் மேல் சுருக்கம் இருந்தால் அச்சு இன்னும் சூடாகவில்லை. பளபளப்பு இல்லாமல் வெளுத்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. முதலில் வரும் சில குண்டுகள் சரியாக வராது, அவை திரும்பவும் சட்டிக்குப் போகட்டும். பிறகு வருகிறவற்றில் பத்துப் பத்தாக எடுத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்தும் ஒரே எடை காட்டினால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வேலை பிசிறு எடுப்பது. அச்சின் இரு பாதி சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பு நிற்கும். அதை அப்படியே விட்டால் கண்ணியை அறுக்கும். இதற்கு அரம் வேண்டாம், கத்தி போதும். அரம் ராவினால் ஈயத் தூள் பறக்கும். கத்தி சீவினால் துண்டாக விழும், பொறுக்கிச் சட்டியிலேயே போடலாம். குண்டைப் பல்லால் கடித்து அழுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது ஆபத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஈயத்தால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று சொல்லும்படி எந்த அளவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிக ஈயத்தைச் சின்னக் குழந்தையின் வயிறு உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், ரத்தசோகையைக் கொண்டுவரும், எலும்பில் போய்த் தங்கிவிடும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து கருவுக்கும் போகும். யுனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கிறது என்று கணக்கிட்டது.

நம் குப்பங்களைப் போன்ற ஓர் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை ஒட்டி, தியாரோய் சுர் மேர் என்று கடலோர ஊர் ஒன்று உண்டு. மீன்பிடிதான் அந்த ஊரின் தொழில். அங்கிருந்த கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய கார் பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்குக் குண்டு செய்து வந்தார்கள். அந்த மண்ணில் ஈயத் தூள் மெல்ல மெல்லச் சேர்ந்தது. பிறகு ஈயத்தின் விலை ஏறியதும், மண்ணைத் தோண்டிச் சலித்து ஈயம் எடுத்து விற்கத் தொடங்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். வலைக்குக் குண்டு வார்த்த அடுப்படியில் தொடங்கியது அந்தச் சாவுகளில்தான் வந்து முடிந்தது.

ஆகவே பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். நம் நாட்டிலும் பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-இல் இன்னும் விரிவான விதிகள் வந்திருக்கின்றன. பழைய வலையில் கழற்றிய குண்டே மறுவார்ப்புக்குப் போதுமானது.

இடத்துக்கு வருவோம். சமையலறையிலோ, வாசலிலோ, பிள்ளைகள் விளையாடும் மணலிலோ ஈயம் உருக்கக் கூடாது. குப்பத்து மக்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பகல் ஏறினால் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பும், புகை நேராக வீடுகளுக்குள் போகும். விடியற்காலையில் கரைக்காற்று கடலை நோக்கி வீசும். வார்ப்பு வேலையை அந்த நேரத்தில், வீடுகளுக்குக் கிழக்கே, திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று செய்யலாம். முகத்தில் கட்டிய துண்டு ஈயப் புகையைத் தடுக்காது, காற்றின் திசைதான் தடுக்கும். சட்டியின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடு ஈயத்தூளேதான். அதை மணலில் கொட்டாமல் மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வையுங்கள். வேலை நடக்கும்போது பீடியோ டீயோ வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம், கால் கழுவிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்ட பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

இதை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குப்பத்துக்கும் வீடுகளிலிருந்து தள்ளி ஒரு பொது வார்ப்புக் கூடம் அமைய வேண்டும். சிமென்ட் தரை, உயரமான புகைபோக்கி, ஒரே அளவு அச்சுகள், ஒரு தராசு, கை கழுவக் குழாய், இவ்வளவு போதும். இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

ஈயத்துக்குக் கடிவாளம் போடுவது புதிதல்ல. இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் விட்டுப்போன ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், 1987-இல் சிறிய ஈயக்குண்டுகளுக்கே தடை போட்டார்கள். நாமும் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000-இல் அகற்றினோம். வண்ணப்பூச்சில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2016-இல் விதி கொண்டுவந்தோம். நகரத்துக்காரர்களின் மூச்சுக்கும் சுவருக்கும் காட்டிய அக்கறையை, அந்த நகரத்துக்கு மீன் கொடுக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் காட்டுவது நம் கடமை.

வீட்டில் ஈயம் உருக்கும் பழக்கம் உள்ளவர்கள், குழந்தைக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதுவரை காத்திருக்காமல், வீட்டுக்குள் இருக்கும், ஈயம் உருக்கும் சட்டியை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.