பட்டுப்புழுவும் பருத்திப்புழுவும்

(திருப்பூரில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற ஆண்டு இதே மன்றத்தில் முதிய அம்மையார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கூட்டுப்புழுவைக் கொல்கிறார்கள் என்று பட்டை விலக்கினோம். நம் பிள்ளைகள் செய்யும் பனியனுக்குப் பருத்திக்காட்டில் எத்தனை புழு சாகிறது, தம்பி?" பூச்சியியல் பயிற்றுபவனாகிய நான் அன்று மழுப்பிவிட்டேன். இன்று அவருக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புழுவின் உடல் பெருக்கும். மேல்தோல் ஓரளவுக்கு மேல் விரியாது. ஆதலால் அது தோலுரிக்க வேண்டும். பட்டுப்புழு நான்கு முறை உரிக்கும். அவ்வேளையில் தழை உண்ணாது, தலையை உயர்த்தி அசைவற்றிருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கத்து வளர்ப்பு மனைகளில் இதனைக் கண்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். இச்செயலை நடத்துவது எக்டைசோன் என்னும் ஹார்மோன். 1954-இல் ஜெர்மானியரான புட்டனாண்டும் கார்ல்சனும் அதனைப் பிரித்தெடுத்தனர். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். இவ்வறிவின் தொடக்கமே பட்டுப்புழுவின் உயிரில்தான் இருக்கிறது.

அந்த ஹார்மோன் உடலில் ஏறவேண்டும். பின்பு இறங்கவும் வேண்டும். இறங்கினால்தான் உரிப்பு நிறைவுறும். அதனைப் போல நடிக்கும், ஆனால் எளிதில் சிதையாத பொருளொன்றைப் புழு உண்டால் என்னவாகும்? காலமல்லாத காலத்தில் உரிப்பு தொடங்கி நடுவில் நின்றுவிடும். வாயுறுப்புகள் பயன்படாமல் புழு பட்டினியில் மடியும். ரோம் அண்டு ஹாஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இத்தகைய பொருள்களைக் கண்டறிந்தது. முதலாவது 1988-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவ்வழி வந்த தெபுஃபெனோசைடு வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களின் புழுக்களையே பெரிதும் தாக்கும். தேனீக்கு அதனால் தீங்கு மிகக் குறைவு. 1998-இல் அந்நிறுவனத்துக்குப் பசுமை வேதியியல் விருதும் அளித்தார்கள். பசுமை என்பது நமக்கு. புழுவுக்கு அது பட்டினிச் சாவு.

இத்தகைய பொருள்களைத் தேடும் முறை மாறி வந்திருக்கிறது. முன்பு ஒவ்வொரு பொருளையும் உயிருள்ள புழுவுக்கே கொடுத்துப் பார்த்தனர். பின்னர்க் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் பழ ஈயின் உயிரணுக்களில் இட்டனர். பொருள் வேலைசெய்தால் அணு பெருகுவதை நிறுத்திக் கைகளைப்போல நீட்சிகளை விடும். பட்டுப்புழுவின் அணுக்களைப் பச்சையாக ஒளிரச் செய்தும் சோதிக்கின்றனர். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நாககாவா குழுவினர் மூலக்கூறின் வடிவத்துக்கும் வீரியத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டனர். இப்போது கணினியே ஆயிரக்கணக்கான வடிவங்களைச் சலித்து, சிலவற்றை மட்டும் சோதனைக்கு அனுப்புகிறது. சோதனையில் சாகும் புழுக்கள் இதனால் குறைகின்றன. இது எனக்கு நிறைவளிக்கிறது.

ஆனால் கணினிக்கும் ஓர் இடர் உண்டு. நம் பருத்திக் காய்ப்புழுவின் நெருங்கிய உறவினமான புகையிலை மொட்டுப்புழுவில் அந்த ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் படிக அமைப்பு 2003-இல் வெளியாயிற்று. இயற்கை ஹார்மோன் வந்தால் ஒரு வடிவம், செயற்கைப் பொருள் வந்தால் வேறு வடிவம் என அப்புரதத்தின் குழி தன்னை மாற்றிக்கொள்கிறது! சாவிக்கேற்பப் பூட்டே மாறினால் பூட்டின் ஒரே படத்தை வைத்துக் கணக்கிடுவது எங்ஙனம்? ஆகவே கடைசிச் சோதனை இன்றும் உயிருள்ள புழுவிடமே முடிகிறது.

தமிழ்ச் சமணர் ஏர் பிடித்த குடியினர். உழவில் நேரும் உயிர்க்கேட்டை நம் பெரியோர் சங்கற்பக் கொலையோடு சேர்த்ததில்லை. ஆயினும் ஒரு புழுவைக் குறிவைத்தே மூலக்கூறு வடிப்பதை, தொழிலில் நேரும் கேடு என்று சொல்லி நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். (ஊரும்போது ஈரறிவில் வைப்பதா, பின்னர்ப் பறக்கப்போவதால் நாலறிவில் வைப்பதா என்று மாணவர் ஒருவர் கேட்டார். எந்த அறிவானாலும் உயிர்தானே என்றேன்.) அம்மையாரே, பருத்தியிலும் சாவு உண்டு. பலவகை உயிர்களையும் ஒருசேர அழிக்கும் நஞ்சைவிட இது சிறிதளவே தேவலை.

இன்னொன்று. இதே வகை ஹார்மோனைச் செடிகளிலிருந்து எடுத்து, பழுக்கும் தறுவாயிலுள்ள பட்டுப்புழுக்களுக்குத் தழையில் தெளித்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் ஒருசேரக் கூடு கட்டும், கூலியாள் செலவு மிச்சம். அக்கூடுகள் போய்ச்சேருமிடம் கொதிநீர். அடுத்த காட்டில் அடிக்கும் செயற்கைப் பொருளோ காற்றில் வந்து மல்பெரித் தழையில் படிந்தால், கூடு கட்டுமுன்னே புழு சாகும். உடுமலை வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள், மருந்தடிக்கும் நாளைப் பக்கத்து மல்பெரித் தோட்டக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுமாறு வேண்டுகிறேன். காற்று அந்தப் பக்கம் வீசும் நாளில் அடிக்கவே வேண்டா.