தாது வருஷத்துச் சந்தேகம்



1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள், தாம் குடியிருந்த வீட்டையே ஊருக்கு அளித்ததனால் உண்டான இந்தக் காந்தி கலை மன்றத்தில் நின்றுகொண்டு தர்மத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ராணி மங்கம்மாள் காலத்தும் அதற்குப் பின்னும் சாலையோரத்துச் சத்திரங்களில் இலை போட்டவர்கள், வந்தவனுக்கு உழைக்கத் திராணி உண்டா என்று கேட்டதில்லை. ஆனால் ஜாதியைக் கேட்டார்கள். பல சத்திரங்களில் ஒரு குலத்தாருக்கே பந்தி. நெல்லை விளைவித்தவன் வாசலுக்கு வெளியே நின்றான். இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது சத்தியத்துக்கு விரோதம்.

1876-இல் தொடங்கித் தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்திலோ வேறொரு கேள்வி பிறந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 ஜனவரியில், இந்திய சர்க்கார் பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். இராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டுதான் அவன் நாள் முழுதும் மண் சுமக்க வேண்டும்! சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடியதன் பேரில், சில மாதங்களில் கூலி உயர்ந்தது. ஆனால் ஏழை ஏமாற்றுவான், ஆகையால் அவனைச் சோதித்த பிறகே சோறு போடு என்ற சந்தேகம் மட்டும் பின்னர் வந்த பஞ்ச விதிகளிலும் குடியேறிவிட்டது.

நம் விருதுநகர் தந்த காமராசர், 1950-களில் ஊரார் கொடுத்த அரிசியோடு சர்க்கார் பங்கையும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவிட்டார். 1962-இல் மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்தது. கொடுப்பவனுடைய புண்ணியமாக இருந்தது பெறுபவனுடைய உரிமையாக மாறத் தொடங்கிய காலம் அது.

ஆனால் அந்தப் பழைய சந்தேகம் இன்னும் போகவில்லை. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சத்திரப்பட்டியிலோ ஒரு ரேஷன் கடை வாசலில் சற்றே நின்று பாருங்கள். ஆயுள் முழுதும் தறியில் உழைத்து விரல் தேய்ந்த மூதாட்டி ஒருத்தி, சேலைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து ரேகை பார்க்கும் கருவியின்மேல் வைக்கிறாள். "ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்கிறார் கடைக்காரர். உழைத்ததற்கு அவள் கையிலுள்ள ஒரே அத்தாட்சி, அவள் அரிசிக்கே தடையாகிறது.

திருட்டைத் தடுக்கத்தானே கருவி என்பார்கள். போலிக் கார்டுகள் இருந்ததை நானும் மறுக்கவில்லை. ஆயினும் மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவன், பாட்டியின் கட்டைவிரல் வழியாகவா கடத்துகிறான்?

இங்கே வீற்றிருக்கும் வழங்கல் துறை அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: ரேகை விழாதவர்களுக்கு அன்றைக்கே அரிசியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சரிபார்க்கும் அலைச்சலை மறுநாள் சர்க்கார் வைத்துக்கொள்ளட்டும்.